பென்ஸா, லேலண்டா? எங்கள் கடற்கரையில் ஓடிய லாரிகள்

கேள்வி இதுதான்: "என் தாத்தா கீழக்கரையில் லாரி ஓட்டியவர். அவரும் அவர் கூட்டாளிகளும் டீக்கடையில் உட்கார்ந்தால் பென்ஸ் உசத்தியா லேலண்ட் உசத்தியா என்று இன்றைக்கும் வாதாடுகிறார்கள். டாடா வண்டியை ஏன் பென்ஸ் என்கிறார்கள்? உண்மையில் எந்த எஞ்சின் நல்லது?"

தம்பி, நான் 1971-ல் கிளீனராக ஏறினேன். 1975-லிருந்து இருபத்தோரு வருஷம் ஸ்டீரிங் பிடித்தேன். அதற்குப் பிறகு இராமநாதபுரத்தில் சின்னதாக ஒரு பட்டறை போட்டு, ஓட்டிய வண்டிகளையே பிரித்து மாட்டினேன். உங்கள் தாத்தா பேசுகிற வண்டிகள் எனக்கு வெளியேயும் தெரியும், உள்ளேயும் தெரியும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாரம் இழுக்க லேலண்ட். ஓட்டத்துக்கும் டீசல் சிக்கனத்துக்கும் பென்ஸ். ஆனால் தொண்டியிலிருந்து சாயல்குடி வரை நம் கடலோரத்தில் ஒரு லாரி எத்தனை வருஷம் உழைத்தது என்று பார்த்தால், அதைத் தீர்மானித்தது ரேடியேட்டரில் ஊற்றிய தண்ணீரும், வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸில் தங்கிய உப்பும்தான். டீக்கடையில் யாரும் இதைச் சொல்ல மாட்டார்கள். தண்ணீரும் உப்பும் கிளீனர் வேலை. டிரைவர்கள் எஞ்சினைப் பற்றி மட்டும்தான் பேசுவார்கள்.

முதலில் பெயர் விஷயம். 1954-ல் டாடா கம்பெனி ஜெர்மனியின் டெய்ம்லர் பென்ஸோடு சேர்ந்து ஜாம்ஷெட்பூரில் லாரி செய்ய ஆரம்பித்தது. முன்னால் நீளமாக மூக்கு நீட்டிய வண்டி. மூக்கின் மேலே வட்டத்துக்குள் மூன்று முனை நட்சத்திரம். பதினைந்து வருஷ ஒப்பந்தம் 1969-ல் முடிந்ததும் நட்சத்திரம் இறங்கி, ஆங்கில 'டி' எழுத்து ஏறியது. வண்டி அதே வண்டிதான், எஞ்சினும் அதே வழியில் வந்ததுதான். அதனால் ஜனங்கள் பெயரை மாற்றவே இல்லை. எண்பதுகளில் வாங்கிய புது டாடாவையும் எங்கள் முதலாளி "நம்ம பென்ஸ்" என்றுதான் சொல்வார். நட்சத்திரம் வைத்த பழைய வண்டிக்காரர்களுக்கு அதில் தனிப் பெருமை உண்டு. பாடி மாற்றினாலும் அந்த நட்சத்திரத்தை மட்டும் கழற்றிப் பத்திரமாக வைத்துக்கொள்வார்கள்.

லேலண்ட் நம் ஊர்ச் சரக்கு. சென்னை எண்ணூரில் 1948-ல் அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கியபோது அங்கே பூட்டியது ஆஸ்டின் கார். பிறகு இங்கிலாந்தின் லேலண்டோடு கூட்டுச் சேர்ந்து, 1955-ல் அசோக் லேலண்ட் ஆனது. காமெட் வண்டிதான் அதன் முதல் பெரிய பெயர். எண்ணூரும் கடற்கரைதான், உப்பளம் உள்ள ஊர்தான். அந்த வண்டி நமக்குச் சொந்தக்காரன் என்று எனக்குத் தோன்ற அதுவும் ஒரு காரணம்.

இவை இரண்டுக்கும் முன்னால் ஓடியவை பார்கோ, டாட்ஜ், செவர்லே, பெட்போர்டு. செவர்லேயை ஜெனரல் மோட்டார்ஸ் 1928-லிருந்தே பம்பாயில் பூட்டிக் கொடுத்தது. பார்கோவும் டாட்ஜும் பிரீமியர் கம்பெனி வண்டிகள். பெட்போர்டு, வங்காளத்தில் உத்தர்பாடாவில் இருந்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் வண்டி. பழைய பெட்ரோல் வண்டிகளின் எஞ்சினைத் தூக்கிப் போட்டுவிட்டு பர்கின்ஸ் பி6 டீசல் எஞ்சின் பொருத்துவது அந்தக் காலத்தில் பெரிய தொழில். அந்த பர்கின்ஸை இங்கே செய்தவர்கள் சென்னை செம்பியத்தில் இருந்த சிம்சன் கம்பெனியார். அதனால் சிலர் அதைச் சிம்சன் எஞ்சின் என்றே சொல்வார்கள். நான் கிளீனராக ஏறிய முதல் வண்டி அப்படிப் பி6 பொருத்திய பார்கோதான்.

எஞ்சின் நம்பர்களுக்கு அர்த்தம் கேட்டால் பல டிரைவர்களுக்கே தெரியாது. லேலண்ட் 350, 370, 400 என்பதெல்லாம் கன அங்குலக் கணக்கு. ஆறு சிலிண்டரும் சேர்ந்து விழுங்குகிற இடம் அது. 350 என்றால் ஏறக்குறைய 5.7 லிட்டர், 370 என்றால் 6 லிட்டர், 400 என்றால் ஆறரை. டாடாவின் 697 வேறு கணக்கு. ஆறு சிலிண்டர், ஒவ்வொன்றின் வாய் அகலமும் 97 மில்லிமீட்டர். அதற்கு முந்தைய 692-க்கு வாய் 92 மில்லிமீட்டர். நட்சத்திரம் வைத்த முதல் பென்ஸின் எஞ்சின் 4.6 லிட்டர்தான், சிலிண்டர் வாய் 90 மில்லிமீட்டர். 1210 என்று வண்டிமேல் எழுதியிருந்தால் பாரத்தோடு சேர்ந்த மொத்த எடை 12 டன், எஞ்சின் 100 குதிரைச் சக்தி. 1613 என்றால் 16 டன், 130 குதிரை. பட்டறைக்கு வருகிற பையன்களுக்கு நான் முதல் நாள் சொல்லிக்கொடுத்தது இதைத்தான்.

இந்தக் கணக்கிலேயே உங்கள் தாத்தாவின் வாதத்துக்குப் பாதி விடை இருக்கிறது. பழைய பென்ஸ் எஞ்சின் சின்னது. வேகமாகச் சுற்றவிட்டால்தான் இழுக்கும். லேலண்ட் பெரியது, நிதானமாகச் சுற்றும்போதே இழுக்கும். மதுரைக்குப் பரமக்குடி, மானாமதுரை வழியாகப் போகிற நம் ரோட்டில் மேடு என்று சொல்ல ஒன்றும் கிடையாது. கண்ணுக்கு எட்டின வரை கருவேலங்காடும் கண்மாய்க் கரையும்தான். அந்தச் சமவெளியில் பென்ஸ் ராஜா. சுற்றைப் பிடித்துவிட்டால் அது பாட்டுக்கு ஓடும், டீசலும் குறைவாகக் குடிக்கும். லேலண்டின் அருமை தெரிய வேண்டுமானால் உப்பு ஏற்றிக்கொண்டு மலையாளத்துக்குப் போக வேண்டும்.

வாலிநோக்கம் பக்கத்து அளங்களில் உப்பு ஏற்றி, சாயல்குடி, அருப்புக்கோட்டை, ராஜபாளையம், தென்காசி வழியாகச் செங்கோட்டைக்குப் போய், ஆரியங்காவு கணவாயில் ஏறிப் புனலூர், கொல்லம் என்று இறங்குவோம். கருவாடும் அதே வழிதான். அந்தக் கணவாய் ஏற்றத்தில், வளைவில் வேகம் விழுந்ததும் பென்ஸ் டிரைவருக்குக் கை ஓயாது. கியரை இறக்க வேண்டும், சுற்றை ஏற்ற வேண்டும், திரும்பக் கியரை ஏற்ற வேண்டும். அப்போதைய கியர் பாக்ஸ் இப்போது போல வெண்ணெயாக விழாது. கிளட்சை மிதித்து நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, விட்டு, ஆக்சிலேட்டரை ஒரு தட்டு தட்டி, மறுபடி மிதித்துக் கீழ்க் கியரில் போட வேண்டும். டபுள் கிளட்ச் என்போம். தட்டு கொஞ்சம் குறைந்தாலும் பல் கடிக்கிற சத்தம் மலை முழுக்கக் கேட்கும். லேலண்டுக்கும் டபுள் கிளட்ச்தான். ஆனால் மூன்றாவதில் போட்டுவிட்டால் சுற்று பாதியாக விழுந்தாலும் முணங்கிக்கொண்டே ஏறிவிடும். எஞ்சின் சாகப் போகிறது என்று நினைக்கும்போதுதான் அது இழுக்கவே ஆரம்பிக்கும். அந்த இழுப்பை உடம்பால் உணர்ந்தவன் லேலண்டை விட மாட்டான்.

காலையில் ஸ்டார்ட் செய்வதிலும் இரண்டுக்கும் குணம் வேறு. பழைய பென்ஸில் டீசல் முதலில் ஒரு சின்ன அறையில் எரிந்து, பிறகுதான் சிலிண்டருக்குள் பாயும். அந்த அறை குளிர்ந்திருந்தால் பிடிக்காது. அதற்கு ஹீட்டர் உண்டு. டேஷ்போர்டில் குமிழை ஒரு பாதி இழுத்துப் பிடித்தால் பக்கத்தில் சின்னக் கம்பிச் சுருள் மெல்லச் சிவக்கும். நன்றாகச் சிவந்ததும் முழுக்க இழுக்க வேண்டும். பொறுமை இல்லாதவன் பேட்டரியைத்தான் காலி செய்வான். மார்கழியில், கடற்காற்று ஊசியாகக் குத்துகிற நாலு மணிக்கு, அந்தக் கம்பி சிவப்பதைப் பார்த்துக்கொண்டு பக்கத்து சீட்டில் போர்வைக்குள் உட்கார்ந்திருந்தது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. லேலண்டில் டீசல் நேராகச் சிலிண்டருக்குள்ளேயே பீச்சும். ஹீட்டர் வேண்டாம். செல்ஃப் அடித்தால் வெள்ளைப் புகை கக்கி எழுந்துவிடும். பின்னால் வந்த 697-லும் டாடா நேர் பீச்சுக்கு மாறியது. அதோடு கம்பிச் சுருள் காலம் முடிந்தது.

சத்தம் பற்றி ஒரு வார்த்தை. லேலண்ட் முதல் இரண்டு கியரில் ஊளையிடும். எஞ்சின் சத்தத்துக்கு மேல் கியர் பாக்ஸ் 'ஊங்' என்று தனியாக ஒரு ராகம் பிடிக்கும். தேவிபட்டினம் ரோட்டில் இருட்டில் வருகிற வண்டியைச் சத்தத்தை வைத்தே இன்ன வண்டி, பாரமா காலியா என்று டீக்கடைக்காரர் சொல்லிவிடுவார். அதற்கேற்ப அடுப்பைத் தூண்டுவார்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

1972 என்று நினைவு. திருப்பாலைக்குடியில் கருவாடு ஏற்றிவிட்டுக் கிளம்பும்போது பார்கோ ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்திருந்தது. டிரைவர் மாமா தூங்கிக்கொண்டிருந்தார். பக்கத்துக் கிணற்றில் இரண்டு வாளி இறைத்து ஊற்றினேன். அடுத்த டிரிப்பிலும் அதே கிணறு. யாரும் பார்க்கவில்லை, வண்டியும் ஓடியது. சில மாதம் கழித்து ஆரியங்காவு ஏற்றத்தில் சூடு காட்டுகிற ஊசி சிவப்புக்குப் போய், மூடி வழியே ஆவி கக்கியது. மேலே நிறுத்திப் பார்த்தால் எஞ்சின் ஆயில் மோர் மாதிரி வெளுத்திருந்தது. எஞ்சினுக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவில் இருக்கிற அடைப்புத் தகடு, ஹெட் காஸ்கெட், போய்விட்டது. பிரித்த மேஸ்திரி ரேடியேட்டர் குழாய்க்குள் கம்பி விட்டுக் காட்டினார். பாதிக் குழாயில் கம்பியே போகவில்லை, சுண்ணாம்புப் பற்று அடைத்திருந்தது. ஹெட்டின் தண்ணீர் ஓட்டைகளைச் சுற்றி இரும்பைக் கரையான் அரித்த மாதிரி உப்பு அரித்திருந்தது. "எந்தத் தண்ணிடா ஊத்துனே?" என்று மாமா கேட்டார். சொன்னேன். அடிக்கவில்லை. வண்டிக்குள் கிடந்த காலி ஆயில் டின்னைக் கையில் கொடுத்து, "இதுல எப்பவும் நல்ல தண்ணி இருக்கணும். நீ குடிக்க இல்லாட்டியும் பரவாயில்ல, வண்டிக்கு இருக்கணும்" என்றார்.

நம் பக்கத்தில் அது லேசான காரியம் அல்ல. குடிக்கவே நல்ல தண்ணீருக்குக் குடத்தோடு மைல் கணக்கில் நடந்த ஊர்கள் இவை. ஊருணித் தண்ணீரை லாரிக்கு எடுக்கக் கூடாது என்று ஊரே கட்டுப்பாடு வைத்திருக்கும். அது நியாயமும்கூட. அதனால் மதுரைக்குப் போனால் திரும்பும்போது டின்னை நிரப்பிக்கொண்டு வருவோம். மழைக்காலத்தில் தார்பாயைக் குழியாகக் கட்டி மழைத் தண்ணீர் பிடித்து வைப்போம். அதைவிட நல்ல தண்ணீர் ரேடியேட்டருக்குக் கிடையாது. இந்தக் கட்டுப்பாட்டைக் கடைசி வரை விடாத முதலாளிகளின் வண்டி எஞ்சின்கள், அது பென்ஸோ லேலண்டோ, ஹெட்டைத் திறக்காமலே பல வருஷம் ஓடியதை நான் பார்த்திருக்கிறேன். கிடைத்த கிணற்றில் ஊற்றியவர்கள், "இந்த எஞ்சினே சூடு எஞ்சின்" என்று கம்பெனியைத் திட்டினார்கள். டீக்கடை வாதங்களில் பாதி அப்படி வந்தது.

உப்பு மேலிருந்தும் வரும். உப்பு மூட்டை காற்றின் ஈரத்தை இழுத்துக் கசியும். கசிந்த உப்புநீர் பலகை இடுக்கு வழியாகச் சேஸிஸ் மேல் சொட்டும். சேஸிஸும் குறுக்குச் சட்டமும் சேருகிற ரிவிட் இடத்தில்தான் முதலில் துரு பிடிக்கும். மீன் லோடு அதைவிட மோசம். ஐஸ் உருகிய தண்ணீரும் மீன் ரத்தமும் வழி நெடுக ஒழுகிக்கொண்டே வரும். இதற்கு நாங்கள் செய்த வைத்தியம் பழைய எஞ்சின் ஆயில். மாற்றிய ஆயிலை வீசாமல் வைத்து, சேஸிஸ், ஸ்பிரிங் பட்டை, பலகையின் அடிப்பக்கம் எல்லாம் சாக்குத் துணியால் பூசுவோம். உப்பு லோடு என்றால் பலகை மேல் முதலில் ஓலைப் பாய், அதற்கு மேல்தான் மூட்டை. பாரம் இறக்கியதும் கிடைக்கிற முதல் நல்ல தண்ணீரில் அடிப்பக்கத்தைக் கழுவிவிட வேண்டும். மானாமதுரைப் பக்கம் ஒரு பம்ப்செட் தோட்டக்காரர் எங்களுக்கு அதற்கு இடம் கொடுப்பார். பதிலுக்கு அவருக்கு ஒரு சிப்பம் கருவாடு.

கேபினைப் பொறுத்தவரை நம் கடலோரத்தில் மரம்தான் ஜெயித்தது. அந்தக் காலத்தில் பல லாரிகள் கம்பெனியிலிருந்து வெறும் சேஸிஸாகத்தான் வரும். எஞ்சின், முன் மூடி, ஸ்டீரிங், அவ்வளவுதான். டிரைவர் தலையில் துண்டு கட்டிக் கண்ணாடி போட்டுக்கொண்டு, வெயிலிலும் தூசியிலும் பாடி கட்டுகிற ஊர் வரை ஓட்டிக்கொண்டு போவார். நாமக்கல்லில் மரச் சட்டம் வைத்துக் கட்டிய கேபின்கள், தகரக் கேபின்கள் இற்றுப்போன பிறகும் நின்றன.

கரி லோடு பற்றியும் சொல்ல வேண்டும், நம் மாவட்டத்தில் அது பெரிய சரக்கு. கமுதி, முதுகுளத்தூர், சாயல்குடிப் பக்கம் சீமைக் கருவேலத்தை வெட்டி மூட்டம் போட்டு எடுக்கிற கரி. எடை குறைவு, உயரம் அதிகம். கேபினுக்கு மேல் இன்னொரு கேபின் உயரத்துக்கு அடுக்குவோம், வளைவில் வண்டி சாயும். அதைவிடப் பயம் நெருப்பு. மூட்டம் பிரித்த கரிக்குள் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு கங்கு இருந்தால் போதும். வண்டி ஓடுகிற காற்றில் உயிர் பிடித்துவிடும். வேகமாக ஓட்ட ஓட்ட அதிகமாக எரியும். அதனால் பிரித்து இரண்டு நாள் ஆறப்போடாத கரியை நல்ல டிரைவர் ஏற்ற மாட்டார். ஒவ்வொரு மூட்டையையும் புறங்கையால் தொட்டுப் பார்ப்பார். ரோட்டில் நிறுத்துகிற இடத்திலெல்லாம் கிளீனர் மேலே ஏறித் தார்பாய்க்குள் மூக்கை விட்டு மோந்து பார்க்க வேண்டும். கரித்தூசி எஞ்சினுக்கும் எமன். காற்று வடிகட்டியின் அடியில் ஆயில் நிற்கும். தூசி அதில் படியும். கரி டிரிப் முடிந்து பார்த்தால் அந்த ஆயில் கூழாக இருக்கும். அதை மாற்றாமல் விட்டால் தூசி சிலிண்டருக்குள் போய் ரிங்கைத் தேய்த்து, நல்ல எஞ்சினையும் புகை கக்க வைத்துவிடும்.

பாம்பன் ரோட்டுப் பாலம் 1988 அக்டோபர் 2-ம் தேதி திறந்தது. அதுவரை இராமேஸ்வரம் தீவுக்கு ரோடு கிடையாது, 1914-ல் கட்டிய ரயில் பாலம்தான் வழி. எங்கள் லாரிகளுக்கு மண்டபம்தான் உலகத்தின் விளிம்பு. பாலம் திறந்ததும் இராமேஸ்வரம், தங்கச்சிமடம் மீனெல்லாம் ஐஸோடு நேராக லாரியில் ஏறியது. முதல் தடவை பாலத்தில் ஏறியபோது இரண்டு பக்கமும் கடலைப் பார்த்து என் கை ஸ்டீரிங்கில் இறுகியது. அப்போதெல்லாம் காற்று மணிக்கு 58 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் பக்கத்தில் இருந்த அந்தப் பழைய ரயில் பாலத்தில் ரயிலை நிறுத்திவிடுவார்கள். லாரிக்காரனுக்கு அப்படி ஒரு சிக்னல் இல்லை. தார்பாய் அடிக்கிற சத்தத்தை வைத்து நாமேதான் முடிவு செய்ய வேண்டும். காலி வண்டியில் தார்பாயை விரித்துக் கட்டிக்கொண்டு ஆடி மாதத்தில் அந்தப் பாலத்தில் ஏறக் கூடாது என்று என்னிடம் வேலை கற்றவர்களுக்கெல்லாம் சொல்லியிருக்கிறேன்.

அதன் பிறகு காலம் வேகமாக மாறியது. 1986-ல் வந்த டாடா 407 சின்ன மீன் லோடுகளை எடுத்துக்கொண்டது. லேலண்டின் டாரஸ் வந்த பிறகு, எந்தக் கம்பெனியின் பத்துச் சக்கர வண்டியானாலும் நம் ஜனங்களுக்கு 'டாரஸ்'தான். டாடாவை பென்ஸ் என்று சொன்ன அதே வாய்தான் இது. டர்போ வந்தது, பவர் ஸ்டீரிங் வந்தது. டிரைவரின் தோளும் இடுப்பும் தப்பித்தன. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. பழைய வண்டி ஓட்டிய எங்களில் முதுகு வலி இல்லாதவர் யாருமில்லை.

அந்தப் பழைய வண்டிகள் என்ன ஆயின என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். சேஸிஸ் உப்பில் இற்று, வண்டி ஓடத் தகுதியானது என்று தருகிற எஃப்.சி. சான்றிதழுக்கு நிற்காது என்ற நிலை வந்ததும் வெட்டி எடைக்குப் போடுவார்கள். எஞ்சினை வெட்ட மாட்டார்கள். நல்ல தண்ணீரில் ஓடிய லேலண்ட் எஞ்சின் என்றால் விசைப்படகுக்காரர்கள் பட்டறை வாசலிலேயே காத்திருப்பார்கள். குறைந்த சுற்றில் இழுக்கிற குணம் மடி வலை இழுக்கிற படகுக்கு அப்படியே பொருந்தும். ரேடியேட்டரும் ஃபேனும் கழன்றுவிடும். அதற்குப் பதிலாகப் படகின் அடியில் கடலுக்குள் ஒரு குழாய் ஓடும். எஞ்சின் தண்ணீர் அந்தக் குழாய்க்குள் சுற்றி, வெளியே இருக்கிற கடலின் குளிர்ச்சியை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பி வரும். நான் பதினொரு வருஷம் ஓட்டிய 370 அப்படித்தான் என் கையாலேயே கழன்று மண்டபத்துக்குப் போனது.

அதற்கு ரொம்ப நாள் கழித்து ஒரு விடியற்காலை மண்டபம் துறையில் நின்றிருந்தேன். படகுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஸ்டார்ட் ஆகிக்கொண்டிருந்தன. அதில் ஒரு சத்தம் என்னை இழுத்தது. என் வண்டியுடையதுதான் என்று சத்தியம் செய்ய மாட்டேன், ஆனால் 370 என்பதில் சந்தேகமே இல்லை. படகின் டிரைவர் பையன் எஞ்சின் மேல் குனிந்து ஒரு கேனிலிருந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். கரையிலிருந்தே சத்தம் போட்டுக் கேட்டேன், "தம்பி, என்ன தண்ணி ஊத்துறே?"

"நல்ல தண்ணிதான் அண்ணே," என்றான். "வீட்டுல காவிரிக் குழாய்ல பிடிச்சது."